இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்ன்ஷிப்: பக்கத்து ஊர் கம்பெனியிலிருந்து தொடங்குங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் பி.காம், எம்.பி.ஏ படிப்பவர்களுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்றதும் டெபாசிட்டோ ஷேர் டிரேடிங்கோதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் ஒரு கம்பெனி ஐபிஓ (முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) கொண்டுவரும்போதும், இன்னொரு கம்பெனியை வாங்கும்போதும், பெரிய கடன் திரட்டும்போதும் கூடவே இருந்து மதிப்புப் போட்டு, ஆவணம் தயாரித்து, பேச்சுவார்த்தையை முடித்துக் கொடுக்கும் வேலை இது. ஐபிஓவை நடத்தித் தர, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் மெர்ச்சன்ட் பேங்கராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெங்களூரில் பெரிய வெளிநாட்டு வங்கிகளின் அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே ஆபரேஷன்ஸ், ரிஸ்க், டெக்னாலஜி என்று பல பிரிவுகள். நல்ல வேலைகள்தான், ஆனால் எல்லாமே மேலே சொன்ன ஐபிஓ, கம்பெனி வாங்குவது போன்ற டீல் வேலை கிடையாது. ஆஃபர் வந்தால் எந்த டிவிஷன், எந்த டீம் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

மும்பையின் பெரிய வங்கிகள் கோடைகால இன்டர்ன்களைப் பெரும்பாலும் ஐஐஎம் போன்ற கேம்பஸ்களில், பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுகின்றன. அங்கே இருநூறு பேருக்கு ரெஸ்யூமே அனுப்புவதில் பலன் குறைவு. நமக்குத் திறக்கும் கதவு வேறு. 2012-ல் சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கென்றே பிஎஸ்இ எஸ்எம்இ, என்எஸ்இ எமர்ஜ் என்ற பங்குச் சந்தைத் தளங்கள் தொடங்கிய பிறகு சின்னக் கம்பெனிகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றுக்கு வேலை செய்யும் சிறிய மெர்ச்சன்ட் பேங்கர்களுக்கும், வேல்யுவேஷன் (மதிப்பீடு), டியூ டிலிஜென்ஸ் (டீலுக்கு முன் கணக்கு, ஆவணங்களைச் சரிபார்ப்பது) செய்யும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் எக்செல் தெரிந்த பொறுமையான ஆள் தேவை. பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கர்களின் பட்டியல் முகவரியோடு செபி இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. சென்னை, பெங்களூரு முகவரிகளை முதலில் பிரித்தெடுங்கள்.

அடுத்தது ஆள் தேடுவது. லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பெயரைப் போட்டு நிதித்துறையில் இருக்கும் சீனியர்களைப் பாருங்கள். அதே ஊர், அதே கல்லூரி என்பது பதில் வரும் வாய்ப்பைக் கூட்டும். மெயில் நூறு சொற்களைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார் என்று ஒரு வரி, அவருடைய வேலையில் எதைப் படித்தீர்கள் என்று ஒரு வரி, ஒரே ஒரு கேள்வி, பதினைந்து நிமிடம் போனில் பேச முடியுமா என்ற வேண்டுகோள். முதல் மெயிலிலேயே "சார், ஒரு இன்டர்ன்ஷிப் வாங்கிக் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவரால் உடனே செய்ய முடியாததைக் கேட்கிறோம் என்பதே காரணம். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். பேசும்போது நடந்துகொண்டிருக்கும் டீலைப் பற்றித் துருவாதீர்கள். வெளியிடப்படாத தகவலைச் சொல்வது இன்சைடர் டிரேடிங் விதிகளின்படி அவரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி: தேய்மானம் (பயன்பாட்டால் இயந்திரம் இழக்கும் மதிப்பு) 10 ரூபாய் கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்? வரி 25% என்று வையுங்கள். லாப நட்டக் கணக்கில் நிகர லாபம் 7.50 குறையும். பணப்புழக்க அறிக்கையில் அந்த 7.50 குறைவோடு தொடங்கி, கையை விட்டுப் போகாத 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.50 கூடும். அது வரியில் மிச்சமான தொகை. இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரம் 10 குறைந்து, ரொக்கம் 2.50 கூட, சொத்துப் பக்கம் 7.50 குறையும், மறுபக்கம் பங்குதாரர் நிதியும் 7.50 குறைந்து சமன் ஆகும். மனப்பாடம் செய்தவர்கள் "ரொக்கம் ஏன் கூடியது?" என்ற அடுத்த கேள்வியில் தடுமாறுகிறார்கள். பேப்பரில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, ஒரு கம்பெனியை அடிவரை படித்துவிட்டுப் போங்கள். போச்சம்பள்ளி பக்கம் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக், 2024 ஆகஸ்டில் பங்கு 76 ரூபாய்க்கு ஐபிஓ கொண்டுவந்தது. அந்த ஐபிஓவுக்கான ஆவணத்தை செபி தளத்திலேயே படிக்கலாம். அப்போது நஷ்டத்தில் இருந்த கம்பெனி அது. லாபமே இல்லாதபோது பி/இ (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு) வைத்து விலை சொல்ல முடியாது. விற்பனையோடு ஒப்பிடும் மடங்கு எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்று யோசித்து வையுங்கள்.

கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைகள் இன்னும் நல்ல பாடம். பெங்களூரா ரக மாங்காய் வரத்து இருக்கும் இரண்டு மூன்று மாதங்களில் காயை வாங்கி, அரைத்து, டிரம்மில் அடைத்துவிட வேண்டும். விற்பனையோ ஆண்டு முழுக்க. சீசன் முடியும்போது கிடங்கு நிறைந்திருக்கும், பேங்க் லிமிட்டும் (பேங்க் அனுமதித்த கடன் வரம்பு) நிறைந்திருக்கும். மார்ச் 31-க்குள் சரக்கு விற்று கடன் இறங்கிவிடும். அந்தத் தேதி இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பார்த்துக் கடனைக் கணக்கிட்டால் கம்பெனி உண்மையைவிடக் கடன் குறைந்ததாகத் தெரியும். எண்டர்பிரைஸ் வேல்யூவிலிருந்து (கடனையும் சேர்த்த முழுக் கம்பெனி மதிப்பு) கடனைக் கழித்துப் பங்கு மதிப்பைக் கண்டுபிடிப்பதால், வாங்குபவர் அதிக விலை கொடுத்துவிடுவார். ஆகவே மாதவாரிக் கடனைக் கேட்டு, சராசரியையும் உச்சத்தையும் பார்க்க வேண்டும். தக்காளி விலையும் மா விலையும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். பெரிய கல்லூரி மாணவர் பலரால் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

"செக்யூரிட்டி டெபாசிட்", "டிரெய்னிங் கட்டணம்" என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். முறையான நிறுவனம் இன்டர்ன்ஷிப் தருவதற்குப் பணம் வாங்காது. மெர்ச்சன்ட் பேங்கர் என்று சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். அது ஐஎன்எம் என்ற எழுத்துகளில் தொடங்கும். செபி பட்டியலில் பெயரோடு ஒத்துப் பாருங்கள். மெயில் ஜிமெயிலில் இருந்து வந்தால், பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். ஆன்லைனில் பணம் கட்டிவிட்டிருந்தால் வீட்டில் மறைக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும்.