கையை முறுக்காமல் நட்டை முறுக்கும் சுத்தி

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், ஒரு மழைக்காலம் முழுவதும் நகராமல் நின்ற காரின் முன்சக்கரத்தைக் கழற்ற முயன்ற நாளில்தான் இந்தக் கருவியின் மீது எனக்கு ஆர்வம் பிறந்தது. காரோடு வந்த வீல் ஸ்பேனரின் கைப்பிடி நுனி, நட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. 65 கிலோ எடையுள்ள நான் அதன்மேல் ஏறியே நின்றேன். கணக்குப்படி அது ஏறத்தாழ 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நட்டு அசையவில்லை. தெருமுனைப் பஞ்சர் கடைத் தம்பி வந்து, பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரென்ச்சை ஒரே கையில் பிடித்து, நட்டுக்கு நான்கைந்து விநாடி தடதடக்கவிட்டு, நான்கையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

என்னை வியக்க வைத்தது நட்டு கழன்றது அல்ல, அவருடைய மணிக்கட்டு திரும்பாமல் இருந்தது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நட்டின்மீது 190 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை விழுந்திருந்தால், அதே அளவு எதிர்த்திசையில் அவர் கையை முறுக்கியிருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கேள்விக்கான விடைக்குள்தான், வீட்டில் கார் வேலை பார்ப்பவர் எந்தக் கருவியை வாங்க வேண்டும், எதற்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பதற்கான விடையும் இருக்கிறது.

மாட்டைக் கட்ட முளை அடிப்பவர் அதைக் கையால் அழுத்தி மண்ணில் இறக்குவதில்லை. கட்டையால் ஓங்கி அடிக்கிறார். அடிப்பவரின் தோள் மெதுவாகச் சேர்த்துக் கொடுத்த உந்தத்தைக் கட்டை ஒரு நொடியின் மிகச் சிறிய துணுக்குக்குள் முளையிடம் ஒப்படைத்துவிடுகிறது. இம்பாக்ட் ரென்ச் இதே வேலையை வட்டப்பாதையில் செய்கிறது.

மோட்டாரின் சுழற்சி ஒரு பற்சக்கரத் தொகுதியில் வேகம் குறைந்து ஒரு தண்டுக்குச் செல்கிறது. அந்தத் தண்டின் மேற்பரப்பில் சாய்வான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் உருளும். அக்குண்டுகளின்மேல் அமர்ந்திருக்கும் கனமான எஃகு வளையத்துக்குத்தான் சுத்தி என்று பெயர். சுத்தியின் முகத்தில் இரண்டு புடைப்புகள் இருக்கின்றன. அதற்கு எதிரே, இரண்டு காதுகள் கொண்ட பட்டடை இருக்கிறது. பட்டடையின் மறுமுனையே, நட்டைக் கவ்வும் குழல் போன்ற சாக்கெட்டை நாம் மாட்டும் சதுர முனை. ஒரு கெட்டியான சுருள்வில் பின்னாலிருந்து சுத்தியைப் பட்டடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது.

நட்டு இலகுவாகச் சுழலும்வரை சுத்தியும் பட்டடையும் ஒன்றாகவே சுற்றுகின்றன. அப்போது கருவி சாதாரண டிரில்லைப் போல அமைதியாக ஓடும். நட்டு முரண்டுபிடித்ததும் பட்டடை நின்றுவிடுகிறது. ஆனால் தண்டு நிற்பதில்லை. குண்டுகள் சாய்வான பள்ளத்தில் உருண்டு சுத்தியைப் பின்னோக்கி இழுக்க, சுருள்வில் சுருங்க, ஒரு கட்டத்தில் சுத்தியின் புடைப்புகள் பட்டடையின் காதுகளைத் தாண்டி விடுபடுகின்றன. உடனே சுருங்கிய வில் விரிந்து, சுத்தியை முன்னோக்கித் தள்ளுவதோடு பள்ளத்தின் சாய்வினால் அதைச் சுழற்றியும் விடுகிறது. ஏறத்தாழ அரைச்சுற்று வேகமெடுத்து வரும் சுத்தி, பட்டடையின் அடுத்த காதில் மோதுகிறது. நிமிடத்துக்கு 2000 முதல் 3000 முறைக்கு மேலும் இது நிகழ்வதால்தான் நமக்குத் தடதடவென்று கேட்கிறது.

மாதிரிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தியின் நிறை 300 கிராம், ஆரம் 2.5 சென்டிமீட்டர் என்றும், மோதும்போது அதன் வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்று என்றும் வைத்துக்கொண்டால், அதன் கோண உந்தம் ஏறத்தாழ 0.02 நியூட்டன் மீட்டர் விநாடி. இது மிகச் சிறிய அளவுதான். ஆனால் எஃகும் எஃகும் மோதும்போது இந்த உந்தம் முழுவதும் விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் கைமாறினால், அந்தக் கணத்தில் எழும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர். மோதலின் எதிர்விசையை ஏற்றுக்கொள்வது சுத்திதான். தன் சுழற்சியை இழப்பதன் மூலம் அது கணக்கை நேர்செய்துவிடுகிறது. கைக்கு வந்து சேர்வது, மோட்டார் அந்த வில்லைச் சுருக்குவதற்கான சில நியூட்டன் மீட்டர் மட்டுமே. பஞ்சர் கடைத் தம்பியின் மணிக்கட்டு திரும்பாததன் காரணம் இதுவே.

இதைப் புரிந்துகொண்டால், பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் 500, 800, 1000 நியூட்டன் மீட்டர் போன்ற எண்களை எப்படிப் படிப்பது என்பதும் புரியும். அது கருவி தொடர்ந்து கொடுக்கும் விசை அல்ல. கண நேர உச்சம். அந்த உச்சம் மோதலின் கால அளவைப் பொறுத்தது. கால அளவோ கருவியை மட்டுமல்லாமல் சாக்கெட், நட்டு, போல்ட் ஆகிய அனைத்தின் விறைப்பையும் பொறுத்தது. இறுகிய நட்டைக் கழற்றும்போது எட்டும் உச்சத்தைச் சிலர் அச்சிடுகிறார்கள்; முடுக்கும்போது கிடைக்கும், அதைவிடக் குறைந்த அளவை வேறு சிலர் அச்சிடுகிறார்கள். ஆகவே இரண்டு பெட்டிகளின் எண்களை அருகருகே வைத்து, பெரியதைத் தேர்ந்தெடுப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

அப்படியானால் நமக்கு எவ்வளவு தேவை? சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்குப் பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் முடுக்கம் போதும்; துல்லியமான அளவு காரின் கையேட்டில் இருக்கும். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் நாம் எதிர்கொள்வது முடுக்கத்தை மட்டுமல்ல, துருவையும்தான். கடற்காற்றில் வரும் உப்புத்துளிகள் மரைகளுக்கு இடையில் தங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, இரும்பின் அரிப்பை விரைவுபடுத்துகின்றன. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மரைக்குள் அதற்கு விரிய இடமில்லை என்பதால் நட்டையும் போல்ட்டையும் ஆப்பு வைத்ததைப் போல இறுக்கிவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, வெள்ளநீரில் நின்ற வண்டிகளின் சக்கரங்களைக் கழற்ற முயன்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

துரு கெட்டியானது, ஆனால் நொறுங்கக்கூடியது. மெதுவான விசையைத் தாங்கி நிற்கும் அது, விநாடிக்கு 40, 50 முறை விழும் அதிர்ச்சியில் வெடித்து உதிர்கிறது. என் 190 நியூட்டன் மீட்டரால் ஆகாதது அந்தத் தடதடப்பால் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துக் கால்மணி நேரம் விட்டுவிட்டால், அது நுண்புழை விசையால் மரைக்குள் ஊடுருவி வேலையைப் பாதியாக்கிவிடும். இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால், நம்பத்தகுந்த 300 நியூட்டன் மீட்டர் உள்ள கருவி வீட்டுக்கு நிறைவாகப் போதும் என்பது என் முடிவு. முன்சக்கர அச்சின் நடு நட்டு 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டி முடுக்கப்பட்டிருப்பதுண்டு. அத்தகைய வேலையையும் வீட்டிலேயே செய்பவர் மட்டும் இதற்கு மேலே யோசிக்கலாம்.

மலிவான கருவிகளில் வாங்குபவர் பெரிதும் ஏமாறும் இடம் பேட்டரி. லித்தியம் அயனி செல் ஒன்றின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏற்றிய நிலையில் 4.2 வோல்ட். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் முறையே 18 வோல்ட், 21 வோல்ட். ஆகவே 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று பெட்டிகளில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடுதான். 48, 88, 128 என்றெல்லாம் ஒட்டி வரும் பேட்டரிகளிலும் பெரும்பாலும் இதே ஐந்து செல் தொடர்தான் இருக்கிறது. அந்த எண்களுக்கும் வோல்ட்டுக்கும் தொடர்பு இல்லை. இதைச் சொல்லாமல் விற்பது நேர்மையானது என்று நான் கருதவில்லை.

கவனிக்க வேண்டியது எத்தனை செல்கள் உள்ளன, அவை எத்தகையவை என்பதையே. ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை உண்டு. ஐந்து நல்ல செல்களின் தொடரில் அது ஏறத்தாழ 0.12 ஓம் என்று கொண்டால், மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும்போது 3.6 வோல்ட் உள்ளேயே வெப்பமாகத் தொலைந்துவிடும். தரமற்ற செல்களில் இந்த இழப்பு இரண்டு மடங்காகவும் இருக்கலாம். பத்து செல்களை இரண்டு இரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த ஐந்து ஜோடிகளைத் தொடராக இணைத்தால் இழப்பு பாதியாகிறது. மின்னழுத்தம் குறைந்தால் சுத்தியின் வேகம் குறையும். அடியின் ஆற்றலோ வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. வேகம் 20 விழுக்காடு குறைந்தால் ஆற்றல் 36 விழுக்காடு குறைந்துவிடும். எனவே அதே கருவியில் பெரிய பேட்டரியை மாட்டினால் அது நீண்ட நேரம் ஓடுவதோடு வலுவாகவும் அடிக்கும்.

இதைச் சோதிக்கச் சமையலறைத் தராசு போதும். 18650 எனப்படும் வழக்கமான செல் ஒன்றின் எடை ஏறத்தாழ 45 கிராம்; பத்து செல்கள் உள்ள பேட்டரியில் உறையைச் சேர்க்காமலே 450 கிராம் வந்தாக வேண்டும். பொதுவாகப் பத்து செல்கள் தேவைப்படும் 4 ஆம்பியர் மணி கொள்ளளவு என்று எழுதியிருக்கும் பேட்டரியின் மொத்த எடையே 350 கிராம் என்றால், அந்த எழுத்தை நம்ப வேண்டாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் காரின் டிக்கியில் பேட்டரியைப் போட்டு வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ளவை மலிவு. பிரஷ் இல்லாதவற்றில் உராய்வும் வெப்பமும் குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் வேலை கிடைக்கும். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் பிரஷ் இல்லாததையே வாங்கலாம். சதுர முனை அரை இன்ச் அளவில் இருக்க வேண்டும். திருகாணிகளுக்கான கால் இன்ச் அறுகோண முனையுள்ள இம்பாக்ட் டிரைவரை வாங்கி, அதில் மாற்றுமுனை போட்டுச் சக்கர நட்டைக் கழற்றலாம் என்று நினைப்பது வீண். அந்த மெல்லிய தண்டு முறுக்கை உள்வாங்கிக்கொள்ளும்.

அதே காரணத்தால், நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். கம்பி சற்றே முறுகித் திரும்பும்போது மோதலின் நேரம் நீள்கிறது; நேரம் நீண்டால் உச்ச விசை தாழ்கிறது. நட்டுக்குச் சற்றுத் தளர்வாக இருக்கும் சாக்கெட்டும் இதே இழப்பைத் தருவதோடு, நட்டின் மூலைகளையும் மழுக்கிவிடும்.

சாக்கெட்டைப் பற்றி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பளபளப்பான குரோம் சாக்கெட்டுகள் கைக்கருவிகளுக்காகச் செய்யப்பட்டவை. கடினமானவை, ஆனால் அதிர்ச்சியில் விரிசல் கண்டு சில்லாகத் தெறிக்கக்கூடியவை. தெறிக்கும் சில்லு கண்ணில் பாயலாம். இம்பாக்ட் ரென்ச்சுக்கென்று, தடித்த சுவரும் கரிய நிறமும் கொண்ட குரோம் மாலிப்டினம் எஃகுச் சாக்கெட்டுகள் தனியே கிடைக்கின்றன. உங்கள் காருக்குத் தேவையான ஒரே ஒரு அளவை, பெரும்பாலும் 19 அல்லது 21 மில்லிமீட்டரை, அறுகோண வாயுள்ளதாகப் பார்த்து வாங்கினால் செலவு அதிகமாகாது. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாக்கெட்டுகளைப் பார்த்து நான் பலமுறை ஆசைப்பட்டிருக்கிறேன். கைவேலைக்கு அவை சரி, இந்தக் கருவிக்குப் புதியதே நல்லது. பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்து வாங்குங்கள்.

கருவியில் மிச்சம் பிடிக்கும் காசை எதில் போடலாம் என்று கேட்டால், முறுக்குவிசையை அளந்து முடுக்க உதவும் கைக்கருவியான டார்க் ரென்ச்சில் என்பேன். ஏனெனில் இம்பாக்ட் ரென்ச் கழற்றுவதற்கு ஏற்றது. இறுதி முடுக்கத்துக்கு ஏற்றதல்ல. நட்டில் நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. மீதி ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து நீட்டி, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அடிமேல் அடி விழும்போது ஒவ்வொரு அடியும் எவ்வளவு நீட்டியது என்பதைக் கையால் உணர முடியாது. அளவு மீறினால் போல்ட் நிரந்தரமாக நீண்டு வலுவிழக்கும். நட்டுக்கு நட்டு இறுக்கம் வேறுபட்டால் பிரேக் டிஸ்க் கோணும். பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் அதிரத் தொடங்கும். ஆகவே முதல் சில மரைகளைக் கையாலேயே திருகி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கி, சக்கரம் தரையில் பதிந்த பிறகு டார்க் ரென்ச்சால் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

துருவுக்குப் பயந்து மரையில் கிரீஸ் பூசும் பழக்கம் நம் கடலோரத்தில் உண்டு. கையேடு சொல்லாத வரை அதைச் செய்ய வேண்டாம். உராய்வு தின்னும் பங்கு குறைந்துபோனால், டார்க் ரென்ச் அதே 100 நியூட்டன் மீட்டரைக் காட்டும்போதும் போல்ட் மிகுதியாக நீட்டப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் மரையைத் துடைத்துச் சுத்தமாக உலர வைத்தால் போதும். கிரீஸைச் சக்கரமும், அது பொருந்தி நிற்கும் மையப்பகுதியான ஹப்பும் சந்திக்கும் நடுவட்டத்தில், மரையிலும் பிரேக்கிலும் படாதபடி, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து நட்டுகளைக் கழற்றியதும், சக்கரத்தை உதைத்துப் பெயர்க்க வேண்டிய வேலை இருக்காது.