150 என்றால் 150 அல்ல

பம்புசெட் சாமான் விற்கும் கடைக்குப் போய் "ஆறு கிலோ பைப் பத்து லெங்த்து குடுங்க" என்றால் கடைக்காரர் தராசைத் தேட மாட்டார். அந்த ஆறு கிலோ பைப்பின் எடை இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். பைப்பின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் தண்ணீர் எவ்வளவு விசையோடு தள்ளலாம் என்பதற்கான எல்லை அது. பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே ஆறு கிலோ பைப் 60 மீட்டர், அதாவது 200 அடிக்குக் கொஞ்சம் குறைவான நீர்மட்டத்தைத் தாங்கும்.

இதுவரை எளிது. ஆனால் இந்திய தர எண் 4985 இந்த அழுத்தத்தை 27 டிகிரி செல்சியஸுக்குத்தான் சொல்கிறது. சித்திரை மாத மதியத்தில் வரப்பின் மேல் கிடக்கும் பிவிசி பைப்பை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அது 27-ல் இல்லை. சூடு ஏற ஏற பிவிசி இளகும், தாங்கும் அழுத்தமும் இறங்கும். 45 டிகிரியோடு அந்தத் தரமும் நின்றுவிடுகிறது.

வீட்டுக்குள் வெந்நீருக்குப் போடும் சிபிவிசி பைப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். எஸ்டிஆர் 11 ரகப் பைப் (வெளிவிட்டம் சுவரின் கனத்தைப் போல் 11 மடங்கு) 23 டிகிரியில் சுமார் 28 கிலோ தாங்கும். அதே பைப் 82 டிகிரியில் 7 கிலோதான். பைப் மாறவில்லை, சுவரின் கனம் மாறவில்லை. சூடு மட்டும்தான் மாறியது, பலம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

எனவே "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்பது அரைக் கேள்வி. "எத்தனை டிகிரியில்?" என்பதையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வி. இரும்புக் குழாய்களின் உலகில் இந்த மறுபாதியை மறப்பதற்கு வசதியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆலைகளில் குழாயையும் வால்வையும் இணைக்க, போல்ட் துளைகள் போட்ட கனமான வட்ட வளையம் ஒன்று உண்டு, அதுதான் பிளாஞ்ச். அதன் விளிம்பில் 150, 300, 600 என்று எண் பொறித்திருக்கும். 900, 1500, 2500 வரைக்கும் போகும். தொழிலாளிகள் வாயில் அது "150 பவுண்டு பிளாஞ்ச்". சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு, அதாவது 150 பிஎஸ்ஐ தாங்கும் என்றுதானே தோன்றும்? சாதாரண கார்பன் ஸ்டீலில் செய்த 150 பிளாஞ்ச், 38 டிகிரி வரை 285 பிஎஸ்ஐ தாங்கும். அது 19.6 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம் ஒரு கிலோ அழுத்தம்). 200 டிகிரியில் 13.8 பார், 300-ல் 10.2 பார், 400-ல் 6.5 பார். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி16.5 என்ற தரத்தில் இதற்கு நீண்ட அட்டவணையே இருக்கிறது. அந்த வரிசையில் 150 என்ற எண் தற்செயலாகத்தான் எங்காவது கடந்து போகும்.

அந்த எண் சும்மா வந்ததில்லை. நீராவிதான் முக்கியமாக இருந்த காலத்தில், 150 என்றால் 500 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில், நம் கணக்கில் 260 டிகிரியில், 150 பவுண்டு என்று பொருள் இருந்தது. 300-க்கு அந்த அடிப்படைச் சூடு 850 ஃபாரன்ஹீட். பின்னால் கணக்குகள் திருத்தப்பட்டன, எண்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. இன்று அது வெறும் வகுப்புப் பெயர். ஐரோப்பியர்களின் பிஎன் 16, பிஎன் 40 முறை இந்த விஷயத்தில் நேர்மையானது: பிஎன் 16 என்றால் சாதாரண அறைச் சூட்டில் 16 பார். ஆனால் அங்கேயும் சூடு ஏறினால் அட்டவணையைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, இரும்புக்கு என்ன ஆகிறது? அணுக்களின் ஆட்டம் கூடும்போது, படிக அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவது எளிதாகிறது. குறைந்த விசையிலேயே உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும். இன்னும் மேலே போனால், மாறாத சுமையிலேயே வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். கார்பன் ஸ்டீலை 425 டிகிரிக்கு மேல் நெடுநாள் வைத்திருந்தால் அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகத்தை நொய்மையாக்கும். அந்த இடத்தில் வேறு உலோகம் தேவை.

வேறு உலோகம் என்றதும் எவர்சில்வர் போட்டால் கவலையில்லை என்பார்கள். இங்கே ஒரு சின்ன அதிர்ச்சி. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த 150 பிளாஞ்ச், சாதாரணச் சூட்டில் 15.9 பார்தான் தாங்கும். விலை மலிவான கார்பன் ஸ்டீல் அதைவிட நான்கு பார் கூடுதலாகத் தாங்குகிறது. துருவுக்கு எதிரான குணம் வேறு, பலம் வேறு. வளையாமல் நிற்கும் திறனில் 316எல் மெத்தென்ற உலோகம்.

பிளாஞ்ச் தனியாக நிற்பதும் இல்லை, போல்ட்டும், கசியாமலிருக்க நடுவே வைக்கும் கேஸ்கெட்டும் சேர்ந்தால்தான் அது இணைப்பு. 24 அங்குலக் குழாயில் 19.6 பார் அழுத்தம் இரண்டு பிளாஞ்சுகளையும் பிரித்துத் தள்ளும் விசை 55 டன்னுக்கும் மேல். அதை இருபது போல்ட்டுகள் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன, கேஸ்கெட்டை நசுக்கி வைப்பதும் அவைதான். வகுப்பு உயர்ந்தால் பல அளவுகளில் போல்ட் கூடும்: 2 அங்குலத்தில் 150-க்கு நான்கு, 300-க்கு எட்டு. ஆகவே 150-ஐக் கொண்டுபோய் 300-ல் மாட்ட முடியாது, துளை ஒத்துப் போகாது. நல்ல பாதுகாப்பு. ஆனால் இதே 2 அங்குலத்திலும் 3 அங்குலத்திலும் 300-க்கும் 600-க்கும் துளைகள் அச்சு அசலாகப் பொருந்தும்! இரண்டையும் மாட்டிவிட்டால், அந்த இணைப்பு 300-தான். பிளாஞ்சின் முகத்தில் கேஸ்கெட் உட்காரும் வட்ட மேட்டின் உயரத்தைப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். 300-ல் சுமார் 2 மில்லிமீட்டர், 600-ல் சுமார் 7.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாயப்பட்டறையிலும் அரிசி ஆலையிலும் பரவலாக உள்ள பாய்லர் 10.54 கிலோ. அந்த விநோதமான தசமம் எங்கிருந்து வந்தது என்று பலரும் யோசிப்பதில்லை. அது பழைய 150 பவுண்டுதான், கிலோவுக்கு மாறிய வேடம். அந்த அழுத்தத்தில் நீராவி சுமார் 185 டிகிரியில் இருக்கும். 150 பிளாஞ்ச் அந்தச் சூட்டில் 14 பாருக்கு மேல் தாங்கும், தேவை 10.3 பார். போதும். இப்போது முதலாளி 17.5 கிலோ பாய்லர் வாங்குகிறார். நீராவி 207 டிகிரிக்கு ஏறுகிறது. தேவை 17 பார், 150 பிளாஞ்ச் அங்கே தருவது சுமார் 13.5. "19.6 பார் தாங்குமே" என்று குளிர்ந்த எண்ணைப் பார்த்து விட்டுவைத்தால் வினைதான். 300-க்கு மாற வேண்டும்.

எல்போ, டீ போன்ற பிட்டிங்குகளில் எண்கள் வேறு மொழி பேசும். மரை வெட்டிய போர்ஜ்டு (இரும்பை அடித்து உருவாக்கிய) பிட்டிங்கில் 3000 என்றிருந்தால் 3000 பிஎஸ்ஐ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கனமுள்ள குழாய்க்கு அது ஜோடி என்பதைத்தான் அந்த வகுப்பு சொல்கிறது. குழாயோடு முனைக்கு முனை வைத்து வெல்டிங் செய்யும் எல்போவுக்கு வகுப்பே கிடையாது. அதே உலோகத்தில், அதே கனத்தில் உள்ள குழாய் எவ்வளவோ, அதுவும் அவ்வளவுதான்.

வால்வில் இரண்டு வரம்புகள் ஒளிந்திருக்கும். உடம்பு ஸ்டீல், அதற்கு மேலே சொன்ன அட்டவணை பொருந்தும். பால் வால்வுக்குள் பந்தை அணைத்திருக்கும் வளையம் டெப்லான். 200 டிகிரியைத் தாண்டினால் உடம்பு கல்லாக நிற்கும், உள்ளே வளையம் தளர்ந்து வால்வு மூடாது. பித்தளை, வெண்கல வால்வுகளின் உடம்பில் சில சமயம் 125 எஸ், 200 டபிள்யூஓஜி என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நீராவிக்கு. இரண்டாவது குளிர்ந்த தண்ணீர், எண்ணெய், வாயுவுக்கு. கடையில் பெரிய எண்ணைக் காட்டித்தான் விற்பார்கள்.

அப்புறம் சோதனைச் சான்றிதழ். 150 பிளாஞ்ச் இணைப்பைக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி 450 பிஎஸ்ஐக்குச் சோதிப்பார்கள். 285-ஐ ஒன்றரை மடங்காக்கி, அடுத்த 25-க்கு உயர்த்தி வந்த எண் அது. தண்ணீர் அழுத்தினால் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். பிளாஞ்ச் கசிந்தாலும் சொட்டிவிட்டு அழுத்தம் உடனே விழுந்துவிடும், நீராவி போல் வெடித்துச் சீறாது. சில நிமிடம், குளிரில், ஆள் பார்த்துக்கொண்டிருக்க அந்த 450. அதே பிளாஞ்ச் பாய்லர் அறையில் இரவு பகலாகச் சூட்டில் நிற்கும்போது அதற்கு உரியது 200 பிஎஸ்ஐ சொச்சம்தான்.