பாட்டி ஏன் அழுதார் என்று அவளுக்கு யாராவது சொன்னீர்களா?

எழும்பூரில் என்னிடம் வரும் குழந்தைகளில் பலர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். பெற்றோர் ஹியரிங் எய்டு, பள்ளிக்கூடம் என்று எல்லாம் பேசி முடித்து, கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்கள். போன மாதம் ஓர் அம்மா சொன்னது: "மேடம், இவளுக்கு இரக்கமே இல்ல. பாட்டி கையில எண்ணெய் கொட்டி வீடே அலறுது, இவ பாட்டுக்கு படம் வரைஞ்சிட்டிருக்கா."

எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டேன். ஹாலில், சமையலறைக்கு முதுகைக் காட்டி. பிறகு அவள் திரும்பிப் பார்த்தபோது பாட்டி அழுதுகொண்டிருக்கிறார், சுற்றி நான்கு பேர் நிற்கிறார்கள், என்ன என்று கையால் கேட்டவளிடம் "ஒண்ணுமில்ல, போ" என்று சைகை காட்டி அனுப்பிவிட்டார்கள். குழந்தை போய் மறுபடி வரைய உட்கார்ந்துவிட்டது. வேறென்ன செய்யும்?

அடுத்த முறை வந்தபோது என் விரல் மேஜை டிராயரில் நசுங்கியது. நான் சத்தம்கூடப் போடவில்லை. எதிரே இருந்தவள் சட்டென்று முகத்தைச் சுளித்து, தன் விரலை உதறி, எழுந்து வந்து என் விரலைப் பிடித்து ஊதினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறர் வலி நம் மூளையில் என்ன செய்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். 2004-இல் லண்டனில் மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 16 பெண்களை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து, பக்கத்தில் இருந்த துணைவரின் கையில் ஷாக் கொடுத்தது. தனக்கே வலிக்கும்போது வேலை செய்யும் இன்சுலா, சிங்குலேட் என்ற மூளைப் பகுதிகள் அப்போதும் வேலை செய்தன. கை அடிபடும் படங்களைக் காட்டி இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளின் பதிவு, எடுத்த ஆய்வுகளில், படம் வந்து 140 மில்லிநொடியிலேயே முதல் அலையில் வித்தியாசம் தெரிகிறது. பின்னால் வரும் அலை, நாம் அந்த வலியைக் கவனித்து எடைபோடுகிறோமா என்பதைப் பொறுத்து மாறுகிறது. இவை காது கேட்பவர்களிடம் செய்யப்பட்டவைதான், ஆனால் அந்தப் படங்களில் சத்தமே இல்லை. வலி கண் வழியாகவே உள்ளே போய்விடுகிறது.

சிக்கல் இருப்பது அதற்கு அப்புறம். என்ன ஆச்சு, அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று புரிய மொழி வேண்டும். ஆஸ்திரேலியாவில் உளவியலாளர்கள் கான்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும் 1990-களில் பார்த்தது இதைத்தான்: காது கேட்கும் குடும்பத்தில், சைகை மொழி தெரியாதவர்கள் நடுவே வளர்ந்த காது கேளாத குழந்தைகள் அடுத்தவர் எண்ணத்தை ஊகிக்கும் சோதனையில் பின்தங்கினார்கள்; வீட்டிலேயே சைகை மொழியில் பேசி வளர்ந்தவர்கள் பின்தங்கவில்லை. சாப்பாட்டு நேரத்துப் பேச்சு, அத்தை கோபித்துக்கொண்டு போன கதை, இதெல்லாம் காதில் விழுந்துதான் மற்றக் குழந்தைகள் மனிதர்களைப் படிக்கிறார்கள். இவளுக்கோ எல்லாம் "ஒண்ணுமில்ல".

தயவுசெய்து அந்த வார்த்தையை விடுங்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியில் 2021-லேயே 10,000 சொற்கள் வந்துவிட்டன. ஒரு நாளைக்கு இரண்டு சொல் கற்றாலும் போதும், ஆனால் வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும், அம்மா மட்டும் அல்ல.

அந்த வீட்டுப் பாட்டிக்கு இப்போது நான்கு சைகை தெரியும்: வலி, சூடு, சரியாகிவிட்டது, சாப்பிட்டாயா.