கிளெய்ம் மறுத்துவிட்டார்கள், புரோக்கர் கைவிரித்துவிட்டார்: அடுத்து என்ன?

ஏஜென்ட் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். வங்கியில் பாலிசி எடுக்கச் சொல்பவரும் கம்பெனிக்காக விற்பவர்தான். புரோக்கர் மட்டும் சட்டப்படி உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர். அதனால் பாலிசி எடுக்கும்போதே, முதலில் அவருடைய ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) பதிவெண்ணைக் கேளுங்கள்.  அந்தப் பதிவு இன்னும் செல்லுமா என்று ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். கமிஷன் எவ்வளவு என்று நீங்கள் கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். அதில் பங்கு தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். காப்பீட்டுச் சட்டம் 41ஆம் பிரிவின்படி கொடுப்பதும் தவறு, வாங்குவதும் தவறு. பிரீமியத்தைக் கம்பெனி பெயரிலேயே கட்டுங்கள்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது புரொபோசல் படிவத்தில், அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தில். "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மீதியை நாங்க பார்த்துக்கிறோம்" என்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய ஆபரேஷன் என்று வரிசையாக வரும் கேள்விகளுக்கு மேலிருந்து கீழ்வரை "இல்லை" என்றே டிக் விழுந்திருக்கும். மருத்துவமனைக் குறிப்பில் "5 வருடமாக சர்க்கரை" என்று ஒரு வரி இருந்தால் போதும், கிளெய்ம் போச்சு. நிரப்பியது யாராக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வரும் படிவ நகலை வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். புதிய ஆயுள், மருத்துவ பாலிசி பிடிக்காவிட்டால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். புதுப்பித்த பாலிசிக்கு இது கிடையாது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு புரோக்கர் மீதும் புகார் செய்யலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம்.

ஆனால் நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் யார் மீது புகாரோ அவருக்கே எழுத வேண்டும். பலர் இங்கேதான் மாதக்கணக்கில் அலைகிறார்கள்: கிளெய்மை மறுத்தது கம்பெனி, புகாரோ புரோக்கரின் வாட்ஸ்அப்பில் கிடக்கும். "மேலே பேசிட்டிருக்கோம்" என்ற பதிலைக் காட்டி எந்த அலுவலகத்திலும் ஒன்றும் ஆகாது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ அப்போது ஆம்புட்ஸ்மேன். அதற்கும் ஓராண்டுதான் கெடு. "மறுபரிசீலனையில் இருக்கு" என்று கிளையில் இழுத்தடிக்கும்போது கரைவது இந்த ஓராண்டுதான். மறுப்புக் கடிதத்தின் தேதியைத் தனியே குறித்து வையுங்கள். மறுப்பை வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். காரணமும் பாலிசி விதி எண்ணும் எழுத்தில் வேண்டும்.

புகாரோடு பாலிசி, புரொபோசல் படிவ நகல், மறுப்புக் கடிதம், நீங்கள் எழுதிய புகார், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வையுங்கள். வக்கீல் வந்து வாதாட முடியாது, நீங்களே பேசலாம். பாலிசிதாரர் இறந்திருந்தால் நாமினியோ வாரிசோ போகலாம். தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி அதை நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குத் தீர்ப்பு சரியில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மனு போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்கவே மாட்டார்.