ஆர்டர் கை நிறைய இருக்கிறது, சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசு இல்லை

திருப்பூர், பல்லடம் பக்கம் அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த வாரமும் ஒருவர் வந்து, மெஷின்களை விற்றுவிட்டு யூனிட்டை மூடப்போவதாகச் சொன்னார். அவருடைய கணக்கில் நட்டமே இல்லை. நான்கு மாத பில் ஆர்டர் தந்த பார்ட்டியிடம் நிற்கிறது. வாரச் சம்பளம் போட மீட்டர் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். இதே கதையை எத்தனை பேரிடம் கேட்பது?

போன வருடமே அவரிடம் பேசினேன். "இன்னும் கொஞ்சம் ஆர்டர் கூடினா எல்லாம் சரியாயிடும் சார்" என்றார். இந்த நினைப்புதான் ஆளை முடிக்கிறது. பேப்பரை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். மாதம் 10 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள், செலவு 9 லட்சம். பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. அப்படியென்றால் உங்கள் கைக்காசு 27 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். ஆர்டர் கூடி பில் 15 லட்சமும் மாதச் செலவு பதின்மூன்றரை லட்சமும் ஆனால் வெளியே நிற்பது நாற்பதரை லட்சம். கூடுதலாகப் போட வேண்டியது பதின்மூன்றரை லட்சம். அந்த ஆர்டரால் கூடும் லாபமோ மாதம் 50,000தான். போட்டதை எடுக்கவே 27 மாதம் ஆகும். அதுவரை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? ஆர்டர் கூடக் கூட இழுபறியும் கூடும். பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும் ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும், அது தனி.

ஆகவே முதலில் குறைக்க வேண்டியது அந்த மூன்று மாதத்தை. அதற்குச் சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கான பணத்தை எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2023-24 வருடக் கணக்கிலிருந்து, இன்னொரு பிடியும் வந்தது. கெடு தாண்டி நிலுவை வைத்தால், அந்தத் தொகையைக் கொடுக்கிற வருடத்தில்தான் பார்ட்டி தன் வருமான வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியும். குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவுதான் உத்யம். 2024 மார்ச்சில் சில பார்ட்டிகள் "உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்க" என்றே கேட்டார்கள். உங்கள் பதிவுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உத்யம் பதிவு இலவசம். ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து ஏமாறாதீர்கள். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு ஓடி வந்தால் பயன்படாது. பிரவுசிங் சென்டரில் 'டிரேடிங்' என்று தட்டிவிட்டிருக்கிறார்களா, சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வணிகர்களுக்கு இந்தப் பணப் பாதுகாப்பு கிடையாது.

அப்புறம் இந்த டெபிட் நோட், அதாவது பில் தொகையில் பிடித்தம் போடும் சீட்டு. மூன்று மாதம் கழித்து "பீஸ் டேமேஜ்" என்று சொல்லி அடித்துக் கழிக்கிறார்கள், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லையென்றால், கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வேண்டுமே! டெலிவரி சலானில் தேதி, கையெழுத்து, சீல் மூன்றும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். 'ரிசீவ்டு' என்று யாரோ கிறுக்கிய சலானை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்?

"கேட்டா ஆர்டர் போயிடும்" என்பீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. எடுத்த உடனே பாக்கிக்கான அரசு இணையதளத்தில் புகார் போடச் சொல்லவில்லை. ஆர்டர் எடுக்கும்போதே 45 நாள் என்று பர்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். முப்பதாவது நாள் ஒரு மெயில் போடுங்கள். ஒரே பார்ட்டியை நம்பி எல்லா மெஷினையும் ஓட்டாதீர்கள். நான்கு மாதமாகத் தராதவர் ஐந்தாவது மாதமும் துணி அனுப்பினால், வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

வங்கியை நாடுவதென்றால், வருட விற்றுமுதல் 1 கோடியே 20 லட்சம் உள்ளவருக்கு அதில் 20 சதவீதம், அதாவது 24 லட்சம், அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனமாகக் கேட்க வழி இருக்கிறது. சிறு தொழில் கடன்களுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ அமைப்பின் உத்தரவாதம் கிடைத்தால் வீட்டுப் பத்திரம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் வரவெல்லாம் ரொக்கமாகப் போய், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் நூல்கடைப் பாக்கியும் ஒரே அக்கவுண்டில் ஓடினால் மேனேஜர் எதைப் பார்த்துக் கொடுப்பார்?

மீட்டர் வட்டிக்காரரிடம் போவதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை வாருங்கள். பில், சலான், பர்சேஸ் ஆர்டர், பார்ட்டியோடு பேசிய வாட்ஸப் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். முதல் மாதப் பாக்கியிலேயே வந்தால் நோட்டீஸ் போகாமல்கூடப் பேசி முடித்துவிடலாம்.