தங்கக் காசு வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள்

கொழும்பு செட்டியார் தெருவில் தங்கம் மதிப்பிடுவது என் தொழில். போலிக் காசோடு என் மேசைக்கு வருபவர்கள் குறைவு. நல்ல காசையே அதிக விலைக்கு வாங்கிவிட்டோ, கையில் இருந்ததைத் தாமே கெடுத்துவிட்டோ வருபவர்கள்தான் அதிகம்.

நகைக்கடைக் கணக்கில் ஒரு பவுண் 8 கிராம். இங்கிலாந்துப் பவுண் காசின் எடையோ 7.988 கிராம். தராசில் 7.98 என்று விழுந்ததும் "குறைகிறதே" என்று பலர் பதறுகிறார்கள். அது குறையல்ல, காசின் அளவே அவ்வளவுதான். பதற வேண்டியது கரட்டைப் பற்றி. அந்தக் காசு 22 கரட். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பத்திரிகைகளில் 22 கரட் பவுணுக்கும் 24 கரட் பவுணுக்கும் தனித்தனி விலை வருகிறது. ஆனாலும் "இராணி தலை போட்ட சுத்தத் தங்கம்" என்ற பேச்சில் மயங்கி 24 கரட் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மேப்பிள் இலைக் காசு 31.1 கிராம். தென்னாபிரிக்காவின் குரூகராண்ட் 33.93 கிராம். பின்னதில் தங்கம் கூட என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் சுத்தத் தங்கம் ஒரே ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம்தான். குரூகராண்ட் 22 கரட் என்பதால் மிச்ச எடை செம்பு.

போலியை எப்படிப் பிடிப்பது? காந்தத்தை நம்பாதீர்கள். பித்தளையும் ஈயமும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. பவுண் காசின் குறுக்களவு 22.05 மில்லிமீற்றர், தடிப்பு 1.52. மலிவான உலோகத்தில் அதே அளவில் அடித்தால் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். வீட்டிலேயே இன்னொன்றும் செய்யலாம். நுணுக்கமான தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுதாகத் தொங்கவிடுங்கள். நல்ல பவுண் காசென்றால் தராசு 0.45 கிராம் அளவில் காட்டும். அதே எடையுள்ள பித்தளை அதைப்போல் இரு மடங்கு காட்டும். 

24 கரட் அவுன்ஸ் காசுகளில் இந்தச் சோதனை போதாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்துக்கு மிக நெருக்கம். எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே அப்படிப்பட்ட காசை முத்திரையிட்ட உறையோடு வாங்குங்கள். தொட்டுப் பார்க்கும் ஆசையில் உறையைக் கிழிக்காதீர்கள்.

1950களில் பெய்ரூட்டில் அடித்த போலிப் பவுண்களில் பல நல்ல 22 கரட் தங்கத்தாலேயே ஆனவை. உருக்க வாங்கியவருக்கு அதில் பெரிய நட்டமில்லை. காசில் பொறித்த ஆண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்ப்பவருக்குத்தான் அடி. 1918இல் பம்பாயில் அடித்த பவுணில் ஆண்டு எண்ணுக்கு மேலே ஆங்கில 'ஐ' எழுத்து சிறிதாக இருக்கும். அத்தகைய விவரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் சேகரிப்பில் இறங்காமல் எடைக்கு மட்டும் வாங்குவதே நல்லது.

எனக்குக் கோபம் வருவது வளையம் ஒட்டிய காசைக் காணும்போதுதான். சங்கிலியில் கோர்ப்பதற்காகப் பற்றாசு வைத்து ஒட்டிய அந்தக் கணமே அது நகையாகிவிடுகிறது, சேகரிப்பவர் தொடமாட்டார். பதக்கமாகப் போட விருப்பமென்றால் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் சட்டம் செய்யச் சொல்லுங்கள். மினுக்கித் துலக்குவதும் வேண்டாம். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கு வாங்குபவர்கள் இதற்கு நேர்மாறாக நடக்கலாம்: தேய்ந்த பழைய பவுணே போதும். எப்படியும் பத்தர் உருக்கப்போகும் காசுக்குப் புத்தம்புது உறைக்கான விலையைக் கொடுப்பானேன்?

ஒரு கிராம், இரண்டு கிராம் காசுகள் வாங்கச் சுலபம். ஆனால் கிராமுக்குக் கொடுக்கும் மேலதிக விலை பெரிய காசைவிட அவற்றில்தான் அதிகம். எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன், "இதே காசை இன்றே உங்களிடம் விற்றால் என்ன விலை தருவீர்கள்?" என்று கேளுங்கள். பற்றுச்சீட்டில் காசின் பெயர், ஆண்டு, எடை, கரட் நான்கும் இருக்க வேண்டும். 'தங்கக் காசு ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் கடையை விட்டு இறங்குமுன் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதி வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.