நோ-கோடா, லோ-கோடா: சந்தா கட்டும் முன்பு

"கோடிங் தெரியாமலே ஆப் செய்யலாமாமே, எதை வாங்கலாம் சார்?" கடலூர், பண்ருட்டிப் பக்கம் சிறுதொழில் செய்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. உங்கள் கணக்கு எவ்வளவு சிக்கல் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆப்ஷீட், கிளைடு போன்ற, நிரல் (கோடு) எழுதத் தேவையில்லாத நோ-கோட் தளங்களில் கூகுள் ஷீட்டை இணைத்தாலே ஆப்பின் திரை வந்துவிடும். ஸோஹோ கிரியேட்டர், பவர் ஆப்ஸ் போன்ற லோ-கோட் தளங்களிலும் பெரும்பாலும் இழுத்து வைக்கும் வேலைதான். ஆனால் வேண்டிய இடத்தில் நிரல் எழுதலாம்; கிரியேட்டரில் அதற்கு டெலூஜ் என்ற மொழி இருக்கிறது.

ஒரு முந்திரிக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். யார் எத்தனை கிலோ உடைத்தார் என்று பதிய நோ-கோடே தாராளம். கூலி போடும்போதுதான் சிக்கல். உடைப்புக்கு ஒரு கூலி, தோல் உரிப்புக்கு வேறு, வாரக் கடைசியில் முன்பணப் பிடித்தம். நடுவில் கூலி உயர்ந்தால்? கூலி ஒரே இடத்தில் இருந்து, தொகை ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிடப்பட்டால், போன மாதக் கணக்கும் புது விலைக்கு மாறிவிடும். அன்றைய கூலியை அந்தந்தப் பதிவிலேயே எழுதிவைக்க வேண்டும். நோ-கோடிலும் இதைச் செய்ய முடியும். ஆனால் இப்படி நாலைந்து விதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், அமைத்தவருக்கே பிடிபடாது. அந்த நிலையில் லோ-கோடுக்குப் போங்கள், நிரலைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் இருந்தால் மட்டும். நாள் முழுக்கக் கொட்டை உடைக்கும் பெண்களின் கூலி இது. பத்து ரூபாய் குறைந்தாலும் அநியாயம்.

பல தளங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. அதை மிச்சம் பிடிக்க ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்தினால், எந்தப் பதிவை யார் போட்டார் என்றே தெரியாது. நெட் இல்லாமல் பதிய முடியுமா என்றும் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலுக்குப் பிறகு மின்சாரமே இல்லாமல் இருந்த நாட்களை நம் ஊர் மறந்திருக்காது.

நான் அதிகம் வற்புறுத்துவது, தளத்தை விட்டு வெளியே வரும் வழியை. கூகுளே ஆப் மேக்கர் என்ற தன் லோ-கோட் தளத்தை 2021 ஜனவரி 19 அன்று மூடியது. அதில் செய்த ஆப்களை வேறு இடத்தில் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. பப்பிள் என்ற நோ-கோட் தளத்தில் தகவலை எடுக்கலாம், ஆப்பை நிரலாக எடுக்க முடியாது. ஃபிளட்டர்ஃபுளோ என்ற இன்னொரு தளத்தில், கட்டணத் திட்டத்தில் நிரலையே எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தளமானாலும் கூலி விதிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தகவலை வெளியே எடுக்கும்போது விதிகள் கூட வராது.

இலவசக் காலம் முடிவதற்குள், கூலி மாறிய ஒரு வாரத்தின் நோட்டுக் கணக்கை முழுதாகப் பதியுங்கள். பிறகு எல்லாவற்றையும் எக்செல்லாக இறக்கி, நோட்டோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். தொகை இடித்தால் சந்தா கட்ட வேண்டாம்.